எறும்பு புகாத பீரோ

இந்த நாற்காலியின் பின்கால் ஆடுகிறது, சார். வெல்டிங் விட்டிருக்கிறது. இருபத்தாறு வருடமாக இரும்புச் சாமான் விற்கிறவன், உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள். நானே எல்லாவற்றையும் சொல்கிறேன். என்னிடம் பேரம் பேச வேண்டியதில்லை.

எங்களுடையது பீரோ கடை. அப்பாவுக்குப் பிறகு நானும் தம்பியும் பார்க்கிறோம். தங்கையைக் கட்டியவர் நாலு வருடத்துக்கு முன் வேலை போய்க் கடைக்கு வந்து சேர்ந்தார். வாய்தான் அவருடைய முதல். அவர் ஒன்று சொன்னால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அந்த வீட்டுக்கு இத்தனை வருடம் சோறு போட்டவன் நான். என் பேச்சுக்கு ஒருத்தரும் பல்லைக் காட்டியதில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை.

ஆனால் தாயைப் பழித்தாலும் சரக்கைப் பழிக்கக் கூடாது.

அன்று காலை முதலில் வந்தது ஒரு புருஷன் பெண்டாட்டி. ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசி, வியாபாரம் படிந்து வருகிற சமயம். கதவைச் சாத்தினால் எறும்பு கூடப் புகாது என்றேன். மாப்பிள்ளை குறுக்குச் சால் ஓட்டினார்.

"மச்சான் சொல்றது உண்மைதாங்க. எலியே குடும்பத்தோட போய் வர்ற இடத்துல எறும்புக்கு என்ன வேலை?"

இருவரும் சிரித்தபடியே படியிறங்கிவிட்டார்கள். அன்றைய போணி போயிற்று. முதல் விற்பனையே கைநழுவிப் போகிறது, தம்பியும் கூடச் சேர்ந்து சிரிக்கிறான்.

மத்தியானம் தம்பி சாப்பிடப் போனான். ஷட்டரைப் பாதி இறக்கினேன். பெரிய பீரோவுக்கு இன்னும் தட்டு மாட்டவில்லை. இடுக்கு எங்கே என்று உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளையிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்க் குந்தினான். குந்தினார் என்று எழுதுங்கள். நான் தள்ளவில்லை. பூட்டினேன், அவ்வளவுதான்.

அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அடியில் ஒரு நூல் இடைவெளி. சரக்கு அனுப்பும்போது சுற்றுகிற அகல டேப்பை எடுத்து நாலு பக்கமும் ஒட்டிவிட்டு, முக்காலியை எதிரில் போட்டு உட்கார்ந்தேன். முதலில் உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. அப்புறம் தட்டினார். அப்புறம் உதைத்தார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாள் முழுக்கத் தகட்டைத் தட்டிக் காட்டித்தானே நாங்கள் விற்கிறோம்.

தம்பி ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத்தான் வந்தான். மாப்பிள்ளை வெளியே போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். தங்கைதான் பரிமாறினாள். நன்றாகச் சாப்பிட்டேன். கடை அடைத்ததும் வண்டியில் ஏற்றிவிடலாம் என்றிருந்தேன்.

திரும்பி வந்தால் பீரோ இருந்த இடத்தில் வெறும் தரை.

"போணி ஆயிடுச்சுண்ணே," என்றான் தம்பி. "நீங்க டேப் ஒட்டி ரெடியா வச்சிருந்தீங்களே, அதையே அனுப்பிட்டேன். நாலு பேர் தூக்க முடியாம தூக்கினாங்க. கனத்தைப் பாருங்க, தகடு அப்படின்னு அடிச்சு விட்டேன்."

போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதே என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். மாற்றுச் சாவியையும் கூடவே அனுப்பியிருக்கிறான். மீதி உங்களுக்குத் தெரியும். வாங்கினவர் வேறு பீரோ கேட்கிறாராம். நியாயம்தான், கொடுக்கச் சொல்லுங்கள்.

தங்கை வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்கிறாளாம். சொல்லிவிடுங்கள்.

"ஒத்துக்கறேன் மச்சான். இடுக்கே இல்ல. திறங்க."

அந்த வார்த்தைக்காகத்தான் அவ்வளவும். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார், கொஞ்சம் மெதுவாக. சாவி என் கையில்தான் இருந்தது. திறந்திருப்பேன், சார். ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தவன் தம்பியும்தானே? அவன் காதிலும் அது விழட்டும் என்று காத்திருந்தேன். அவன் சாப்பிட்டு வருவதற்குள் மாப்பிள்ளைதான் அவசரப்பட்டுவிட்டார்.