இடது பொந்தில் புதியது

கட்டட வரைபட அலுவலகத்தில் ஏவலாளாக வேலை செய்பவர், வயது எழுபத்தொன்று, அலுவலகத்துக்குப் பின் தெருவில் தையல் கடை மாடியில் மகள் வீட்டில் குடியிருப்பவர், தாமாகக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்லக் கேட்டு எழுதியது:

நான் மேற்படி விலாசத்தில் வசிக்கிறேன். சுருட்டிய வரைபடங்களை முப்பத்திரண்டு வருடமாகத் தூக்கி அலைந்ததால் அலுவலகத்தில் என்னை ரோல் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் தெரியும். ஒரு தடவை பார்த்த காரியம் மறக்காது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண், எங்களைவிட்டுப் போய் எதிர்வரிசையில் கடை போட்ட பழைய வரைவாளரின் தூண்டுதலால் எங்கள் வரைபடங்களை வேண்டுமென்றே அழித்தாள் என்று முதலாளி புகார் கொடுத்து, அந்தப் பெண் நேற்றிலிருந்து இங்கே உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அவள் அழிக்கவில்லை, நான்தான் என்று சொல்ல வந்தேன்.

எங்கள் கம்ப்யூட்டரின் டிஸ்க் நிரம்பிவிட்டது. பதினொரு வருட வரைபடம் அதில் இருந்தது. காகித ரோல்களையெல்லாம் போன வருடம் முதலாளி எடைக்குப் போட்டுவிட்டார், வேறு நகல் கிடையாது. அதனால் இரட்டிப்புப் பிடிக்கும் டிஸ்க் ஒன்றை வாங்கி, பழையதில் உள்ளதை அப்படியே அதற்கு மாற்றித் தரச் சொல்லிச் செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெண்ணை வரவழைத்தார். இரண்டும் ஒரே அளவாக இருந்ததைப் பார்த்து, "ரெட்டிப்புன்னா பெருசா இருக்க வேணாமாம்மா?" என்று கேட்டேன். "உள்ளதான் தாத்தா பெருசு. உங்க முதலாளிக்கு நேர் எதிர்" என்றாள். முதலாளி அப்போது அறையில் இல்லை.

முதலில் கம்ப்யூட்டரிலேயே மாற்றிப் பார்த்தாள். நூற்றுக்கு முப்பத்தேழில் நின்றது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடியும் முப்பத்தேழு. பழைய டிஸ்க்கில் எங்கோ பழுதான இடம் இருக்கிறது, அதைப் படிக்க முடியாமல் நிற்கிறது என்று சொல்லி, சாயங்காலம் வரை அதைச் சோதித்துச் சரிசெய்யும் வேலையை ஓடவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் கேட்டுக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு புதன்கிழமை காலை எட்டரைக்கு இரண்டு பொந்துள்ள கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், இடது பொந்தில் உள்ளதை வலது பொந்துக்குத் தானாக நகலெடுக்கும். பழையதை இடதிலும் புதியதை வலதிலும் செருகினாள். புதியது விட்டுவிட்டு அணைந்தது. மின்சாரம் பற்றவில்லை என்று ஒயரை மாற்றினாள். அதன் பிறகு ஓடி, பன்னிரண்டு மணிக்கு, முடிந்தது என்று பெட்டியின் நான்கு விளக்கும் எரிந்தது. அதன் பிறகு புதிய டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது, வேறொன்றும் வரவில்லை. முதலாளி வந்து, "ரெண்டு நாளா என்னம்மா பண்றே, கோலம் போடறியா?" என்றார். பழையதைத் திரும்ப மாட்டிக் காட்டினாள், படிக்கட்டு வரைபடம் ஒன்று திறந்தது. அது வரை பழையது நன்றாக இருந்தது என்பதற்கு நானே சாட்சி. தொடக்கப் பகுதி சரியாக நகலாகவில்லை, புதியதைத் துடைத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும் என்று சொல்லி, துடைத்தாள்.

அப்போது மணி ஒன்று. இரண்டு டிஸ்க்கும் தொட முடியாத சூடு. தன் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட வேண்டும் என்று கிளம்பியவள், "தாத்தா, ரெண்டும் ஆறட்டும். நான் வந்து போட்டுக்கறேன்" என்றாள். நான் இரண்டையும் துணி விரித்து மேஜையில் வைத்தேன். ஒன்றரைக்கு முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ஏன் சும்மா கிடக்கு?"

"ஆறுதுங்க. அந்தப் பொண்ணு வந்துடும்."

"அது வந்து, போட்டு, நான் கிழவனாகணுமா? நீதான் பக்கத்துலயே நின்னு பாத்தியே. போட்டு அழுத்து ரோலு."

பார்த்திருந்தேன். பொத்தானை மூன்று எண்ணும் வரை அழுத்திப் பிடித்து, விட்டு, இன்னொரு தடவை அழுத்த வேண்டும். எது பழையது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை, அதன் ஓரத்தில் கீறல் இருந்தது. புதியதை இடது பொந்தில் வைத்தேன். பழையதை வலதில் வைத்தேன். எங்கள் அலுவலகத்தில் எந்த அலமாரித் தட்டானாலும் புதிய வரைபடம் இடது, பழையது வலது. முன்பு ஒரு வீட்டில் பழைய வரைபடத்தை வைத்து மாடிப்படியைக் கட்டி இடித்த பிறகு, முதலாளியின் அப்பா போட்ட ஒழுங்கு அது. முப்பத்திரண்டு வருடத்தில் என் கை அதை மாற்றி வைத்ததில்லை. அவள் மாற்றி வைத்திருந்ததைக் காலையில் நான் கண்ணால் பார்த்தேன். கை அதைக் கேட்கவில்லை.

இரண்டரைக்கு அந்தப் பெண் வந்தாள். முதல் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பார்த்தாள், ஒயரைப் பிடுங்கினாள், தரையிலேயே உட்கார்ந்தாள். "யார் போட்டது?" என்றாள். நான் போட்டது என்றேன். வெறும் டிஸ்க்கைப் பழையதன் மேல் ஒரு மணி நேரம் எழுதியிருக்கிறது, நல்ல பெட்டியாக இருந்தால் பெரியதைச் சின்னதில் கொட்ட முடியாது என்று சிவப்பு விளக்குக் காட்டி நின்றிருக்கும், இது மலிவானது, சொன்னதைச் செய்யும் என்று எனக்கு விளக்கினாள். பிறகு, "போனது மூணுல ஒரு பங்கு இருக்கும். மிச்சத்தை ஒவ்வொண்ணா தோண்டி எடுக்கலாம். யாரும் இதுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள்.

முதலாளி வந்து கேட்டபோது, "என் வேலைல தப்பு நடந்துடுச்சு சார். நான் நகரும்போது எடுத்துட்டுப் போயிருக்கணும்" என்றாள். என் பெயரை எடுக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். துடைப்பம் கையில் இருந்தது, பெருக்கினேன்.

அதன் பிறகு மூன்று நாள் சும்மா இருந்தேன். இந்த வேலை போனால் இந்த வயதில் வேறு வேலை கிடைக்காது, மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இன்று காலை முதலாளி, "உனக்கு இதுல என்ன தெரியும், வாயை மூடிட்டு இரு" என்றார். எனக்குத்தான் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. டீ வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்தேன். அழுத்தச் சொன்னது முதலாளி. எந்தப் பொந்தில் எது என்று அவர் சொல்லவில்லை, அது நான் செய்தது. எதிர்க்கடைக்காரரை அந்தப் பெண் பார்த்ததுகூட இல்லை. நீங்கள் எடுத்து வைத்திருக்கும் பழைய டிஸ்க்கை எதிலும் செருகிப் பார்க்க வேண்டாம். அதை அவள் கையில் கொடுத்து, வேலை செய்ய விடுங்கள்.

எழுதியதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் நான் கவனக்குறைவாக டிஸ்க்கை மாற்றி வைத்ததாக இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். எழுதுகிற ஐயா, "உங்க நல்லதுக்குத்தான் பெரியவரே எழுதினேன்" என்றார். இல்லை, கவனமாகத்தான் வைத்தேன் என்றேன். அடித்துவிட்டார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்தது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(இடது பெருவிரல் ரேகை)