முன்வரிசை இருக்கை

காபி எடுத்துக்கொள்ளுங்கள் சஹீர். வேண்டாம் என்று நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் நீங்கள் கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவர், நான் அவிநாசிப் பக்கம். முதல் தடவை சொல்கிற "வேண்டாம்" என்பதை நம் கோவைப் பக்கம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வந்தவர் மறுப்பார், நாம் விடக் கூடாது. மறுபடி கேட்க வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் இன்னொரு தடவை. "செரீங்க, அரை டம்ளர் போதுமுங்க" என்று அவர் வாயால் வந்த பிறகு முழு டம்ளர் ஊற்றுவதுதான் முறை. என் ஃபவுண்டரிக்கு லோடு ஏற்ற வரும் லாரி டிரைவரைக்கூட நான் ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டதில்லை.

விமானக் கம்பெனியிலிருந்து ஆளே வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் மனைவி கோகிலவாணியின் மும்பை–டெல்லி பயணத்துக்குக் கணக்கில் பயண மைல் ஏறவில்லை என்று திரும்பத் திரும்ப எழுதினேன். "பயணி பயணத்தை நிறைவு செய்யவில்லை" என்று ஒரே பதில் வந்தது. இப்போது நீங்கள் வந்து இரங்கல் சொன்னீர்கள். பிறகு, மகள் முதலில் போட்டுக் கொடுத்த டிக்கெட்டை நானே ரத்து செய்தது ஏன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாணிக்கு இதய வால்வில் கோளாறு. சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் விட்டுப்போனது. மாடி ஏறும்போது பாதியில் நின்று ஜன்னல் வழியாக எதையோ பார்ப்பாள். உண்மையில் மூச்சு வாங்கிக்கொள்கிறாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டோம். எங்கள் மகள் ரித்திகா டெல்லியில் இருக்கிறாள். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். வாணியின் உடம்பைப் பார்த்து ரித்திகா அங்கேயே வைத்துக்கொண்டாள். பேரனை வாணி செல்போனில்தான் பார்த்திருந்தாள். நேரில் ஒருமுறை தூக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் அந்த வருடம் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

டாக்டர் போகலாம் என்றார். "இங்க ஏறுனா டெல்லிலதானுங்க எறங்கணும். நடுவுல எறங்கி ஏறி அலைய உட்டுராதீங்க" என்றார். ரித்திகா தேடி ஒரு விமானம் பிடித்தாள். கோயம்புத்தூரில் கிளம்பி ஹைதராபாத்தில் நின்று டெல்லி போவது. ஒரே விமானம், ஒரே எண். நடுவில் நிற்கும்போது டெல்லி போகிறவர்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். வாணிக்கென்றே விட்டதுபோல் இருந்தது.

அந்த மாதிரி விமானத்தில் உள்ள சங்கடம் உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கினாலும் எண் ஒன்று என்பதால் ஒரே பயணமாகத்தான் எழுதுவீர்கள். மைலும் ஹைதராபாத்தைச் சுற்றிப் போன தூரத்துக்குக் கிடையாது, கோவைக்கும் டெல்லிக்கும் நேர்க்கோடு போட்டுத் தருவீர்கள். அட்டைக்காரரைக் காசில்லாமல் முன்வரிசைக்கு மாற்றித் தருவதென்றால் அந்த இருக்கை இரண்டு பாதியிலும் காலியாக இருக்க வேண்டும். அதுவே மும்பையில் இறங்கி வேறு எண்ணுள்ள விமானம் மாறினால் இரண்டு பயணம். முன்வரிசையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கிடைக்கும்.

அடிக்கடி பறக்கிறவர்களுக்கு நீங்கள் தருகிற தங்க அட்டை என்னிடம் நிலைக்க அந்த மாதத்துக்குள் இரண்டு பயணம் தேவைப்பட்டது. திரும்பி வருவது அடுத்த மாதம். ரித்திகா போட்ட டிக்கெட்டில் ஒன்று குறையும், தங்கம் போய் வெள்ளி அட்டையாகிவிடும்.

சிரிக்காதீர்கள். நம் விமான நிலையம் எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும். காலை விமானத்துக்குப் போனால் பம்ப்செட்காரர்கள், மில்காரர்கள், பனியன் கம்பெனிக்காரர்கள் என்று பாதிப் பேர் தெரிந்த முகம். யாரை முதலில் கூப்பிடுகிறார்கள் என்பதை மற்றவர்கள் பார்க்காததுபோல் பார்ப்பார்கள். என் பங்காளி தம்பிதுரையும் பம்ப் செய்கிறவர்தான். எனக்கு அட்டை கிடைப்பதற்கு முந்தின வருடம் ஒருநாள் என்னைத் தாண்டிப் போய் நின்று, "ஏனுங்க கிருபா, நீங்க இந்த லைன்லீங்களா?" என்றார். அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வரிசைக்கு நான் மறுபடி போவதாக இல்லை.

ஆகவே ரித்திகாவின் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு மும்பை வழியாகப் போட்டேன். "அந்த ஃபிளைட்டக் கேன்சல் பண்ணீட்டாங்க கண்ணு" என்று வாணியிடம் சொன்னேன். மகளுக்கும் போனில் அதையேதான் சொன்னேன். அந்த விமானம் அன்றைக்குச் சரியான நேரத்தில் கிளம்பியது. உங்களுக்கும் எனக்கும் மட்டும் அது தெரியும்.

"பரவால்லீங்க, பையனப் பாத்தாப் போதும்" என்றாள் வாணி. பேரனுக்கு வாங்கிய வெள்ளி அரைஞாணைக் கைப்பையில் வைத்து, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மும்பையில் சக்கர நாற்காலி வேண்டுமா என்று இறங்கும்போது கேட்டார்கள். நாற்காலிக்காரர்களைக் கடைசியில்தான் இறக்குவார்கள், அடுத்த விமானத்துக்கு அதிக நேரம் இல்லை. வேண்டாம் என்று நான் சொன்னேன். அவள் சார்பில் சொன்னேன். பிறகு பஸ், படிக்கட்டு, மறுபடி சோதனை, முடிவே இல்லாத ஒரு நடை. நான் கொஞ்சம் முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவள் ஏதாவதொரு கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கடைகளில் ஆசை கிடையாது.

ஏறும் இடத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் ஓர் இருக்கை எனக்கு வந்திருந்தது. அங்கே இருந்த பெண் வாணியின் முகத்தைப் பார்த்தாள். "சார், வேணும்னா இதை மேடத்துக்கு மாத்தித் தரலாம்" என்றாள். அவள் தமிழ்ப் பெண். நல்ல பெண்.

வாணியிடம் கேட்டேன். "முன்னால ஒரு சீட்டு குடுக்கறாங்க. நீ உக்காந்துக்கறயா?"

"வேண்டாமுங்க. நீங்க உக்காருங்க. எனக்குப் பின்னாலயே பரவால்லீங்க" என்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது. லிப்ஸ்டிக் போடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

நான் போய் உட்கார்ந்தேன். விமானம் கிளம்பியதும் திரையை இழுத்துவிட்டார்கள். துணி விரித்துச் சாப்பாடு வைத்தார்கள். அப்போது பணிப்பெண் குனிந்து, "சார், பின்னாடி உங்க மேடம் தண்ணி வாங்கிக்கிட்டாங்க. நீங்க கொஞ்சம் வர முடியுமான்னு கேட்டாங்க" என்றாள். என்னவாம் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம், சிரித்தாளாம். சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லச் சொன்னேன். வாணி யாரையும் தொந்தரவு செய்கிறவள் அல்ல. ஒரு ஆளை அனுப்பி என்னைக் கூப்பிடுவது எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன்.

சாப்பிட்டேன். இருக்கையைச் சாய்த்தேன். நல்ல தூக்கம் வந்தது. பின்னால் போகாமல் என்னை யாரும் தடுக்கவில்லை சஹீர், அந்தத் திரை வெறும் துணிதான். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் இப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது.

டெல்லியில் முன்வரிசைக்காரர்களை முதலில் இறங்கவிட்டார்கள். நான் இறங்கி வெளியே ஓரமாக நின்று காத்திருந்தேன். எல்லோரும் வந்தார்கள். வாணி வரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர், அம்மா தூங்குகிறார்கள் என்று நினைத்து எழுப்பாமல் தாண்டி வந்ததாகச் சொன்னார். அரைஞாண் அவள் கைக்குள் இருந்தது. அதை நான்தான் ரித்திகாவிடம் கொடுத்தேன்.

என் பயணம் இரண்டும் ஏறிவிட்டன. அட்டையும் புதிதாக வந்துவிட்டது, அதோ மேசை மேல் இருக்கிறது. அவளுடைய இரண்டாவது பயணம் மட்டும் ஏறவில்லை. மைலுக்கு ஆசைப்பட்டு எழுதுகிறேன் என்றுதான் உங்கள் ஆபீசில் நினைத்திருப்பார்கள். அப்படியில்லை. நிறைவு செய்யவில்லை என்று நீங்கள் எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் டெல்லி போய்ச் சேர்ந்தாள் என்று எங்காவது ஓரிடத்தில் பதிவாகிவிட்டால் போதும் என்றிருந்தது.

ரித்திகா இன்னும் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். தினமும் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். அவள் உங்களைக் கேட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நியாயமாகத் தோன்றும்படி சொல்லிவிடுவேன்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த முன்வரிசை இருக்கை. நான் அவளைக் கேட்டேன், அவள்தான் வேண்டாமென்றாள் என்று வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் சொன்னேன். தம்பிதுரைகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கேட்டீங்கல்லங்க, அது போதும்" என்றார். கேட்டது உண்மை. லாரி டிரைவரை மூன்று தடவை கேட்கிற நான் அவளை ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். இரண்டாவது தடவை கேட்டிருந்தால் சரி என்று சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.