பூசை நேரத்துக்கு மாற்றிய கன்வெர்ட்

எங்கள் வீட்டில் டிவி பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை; பதிவு செய்யத்தான் நேரம் இருந்தது.

என் வீட்டுக்காரர் மரியஜோசப் மலேசியாவில் பீடோர் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் தோட்டத்துக் கணக்கரான கிராணியார் வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு டிவி பார்த்தாராம். படம் சூடு பிடிக்கும்போது உள்ளேயிருந்து ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுவார்களாம். அந்தக் கோபம் நாங்கள் குடியேறிய ஈப்போவரை கூடவே வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஹாலில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, ஒளிபரப்பாகிற எல்லாவற்றையும் பிடித்துவைத்தார். சீரியல், சமையல், மீன் வளர்ப்பு, எதையும் விடவில்லை. எதையும் பார்க்கவும் இல்லை.

பிடித்ததை அந்தக் கம்ப்யூட்டர் விளம்பரம் வெட்டி, சின்னதாகச் சுருக்கி, மூலத்தை அழித்துவிடும். அதற்குக் கன்வெர்ட் என்று பெயர். அது ஓட வேண்டிய நேரத்தை அவர் குறிக்கிற பக்தியோடு பங்குச்சாமியார்கூடப் பூசைக்கு நேரம் குறித்ததில்லை.

எங்கள் மகள் பெட்ரீசியா ஒரு டிவி பாட்டுப் போட்டியில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து சிரித்தாள். விளம்பர இடைவேளைக்குச் சற்று முன்னால், கண் சிமிட்டும் நேரம்தான். அந்த வருடமே சிம்பாங் பூலாய் சாலையில் லாரி மோதிப் போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்து அந்தப் பதிவைப் போடச் சொன்னேன். கன்வெர்ட் ஆகியிருந்தது. அவள் சிரித்ததையும் விளம்பரம் என்று வெட்டியிருந்தது.

"அது மெஷின் செஞ்சது பெர்னா, நான் என்ன செய்ய? ஆனா பாரு, ஃபைலு பாதியாயிருச்சு லா."

எனக்கு அதில் வருத்தமில்லை. மகள் எது, சவுக்கார விளம்பரம் எது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்.

பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டது. படுத்தால் ஆக்சிஜன் மெஷின் வேண்டும். இரவல் மெஷின்; அதன் அலாரம் முன்பே செத்திருந்தது. கரண்டு போனாலும் பதிவு நிற்காமலிருக்க ஒரு யூபிஎஸ் பெட்டி வைத்திருந்தார். ஆக்சிஜனையும் அதிலேயே செருகினார். பதிவு முதலில், மூச்சு அடுத்தது.

"கன்வெர்ட் ஓடுனா கம்ப்யூட்டரு நிறைய கரண்டு இழுக்கும். அப்ப ஆக்சிஜனும் ஓடுச்சுன்னா பொட்டி கத்தும். ஒடனே ஒண்ணப் புடுங்கணும். இல்லன்னா ரெண்டும் நின்னுரும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். அதனால் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்காரும் காலை நேரத்தில் மட்டும் கன்வெர்ட்.

காலை நேரம் போதவில்லை, வரிசை நீண்டுகொண்டே போகிறது என்று அவரேதான் புலம்பினார். உதவலாமென்று, கன்வெர்ட்டை மாலைப் பூசை நேரத்துக்கு மாற்றிவைத்தேன். நான் கோயிலில் இருப்பேன். அவர் மாத்திரை போட்டு, மூக்கில் குழாயோடு தூங்குவார். யாருக்கும் தொந்தரவில்லை.

அன்று பிரசங்கம் நீளம். பூசைக்குப் பிறகு கறிபாப் பலகாரம் கொடுத்தார்கள், ஜெபமாலைக்கும் இருந்துவிட்டேன். வீடு திரும்பியபோது மெஷின் இரண்டும் நின்று ஹால் அமைதியாக இருந்தது. அன்றைய சீரியல் பதிவு பாதியில் நின்றுபோயிருந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் அதைத் தாங்கியிருக்க மாட்டார்.

மெஷின் செய்தது என்றேன். துக்கத்துக்கு வந்த எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் தம்பி கால்வின் மட்டும், "பொட்டி கத்தியிருக்குமே அண்ணி, அண்ணன் எந்திரிச்சிருப்பாரு லா" என்றார்.

பாவம், என் வீட்டுக்காரர் நன்றாகத் தூங்கி நாளாகியிருந்தது. எழுப்பிவிடக் கூடாதென்று, கிளம்பும்போது அந்தப் பெட்டியின் சத்தத்தை நான்தான் அணைத்துவிட்டுப் போனேன்.