ஜூடித் டீச்சர் பெயரில் கோப்பை வேண்டாம்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, சைனிக்புரியிலிருந்தும் காஞ்சன்பாக்கிலிருந்தும் இந்தச் செகந்திராபாத் சர்ச் ஹாலுக்குத் திரண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். நான் சாம்ராஜ். நம்மைவிட்டுப் பிரிந்த விவாதப் பயிற்சியாளர் செல்வி ஜூடித் ஜெபமணி அவர்களோடு இங்கே சனிக்கிழமை வகுப்பு எடுத்தவன். அழவேண்டிய நாள் இது. எனக்கு அழுகை வரவில்லை, ஐயா. அருவருப்புத்தான் வருகிறது!

ஏன்? எனக்கு முன்னால் ஒரு சிறுவன் பேசினான். "கல்விக் கடலே, கலங்கரை விளக்கே" என்றான். அவன் கண் டீச்சரின் படத்தின்மீது இருந்ததா? இல்லை! மூன்றாவது வரிசையில் வாயசைத்துக்கொண்டிருந்த அம்மாமீது இருந்தது. இறந்தவருக்கு அஞ்சலி சொல்லக்கூடவா மனப்பாடம்? சீ!

ஜூடித் டீச்சர் பெற்றோரிடம் அப்படி என்ன பெரிதாகக் கேட்டுவிட்டார்? "பிள்ளையே எழுதட்டும், நீங்க கை வைக்காதீங்க. எதிர்த்தரப்பு கிடைச்சா அதையும் பேசட்டும். தோத்துட்டு வந்தா திட்டாதீங்க, பிரியாணி வாங்கிக் குடுங்க." இவ்வளவுதான்! யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால், "நக்கோ சார், நக்கோ! வேணாம்!" என்று கதவைச் சாத்துவார். நாம் கேட்டோமா?

போன வருட இறுதிப்போட்டியை மறந்துவிட்டீர்களா? வீட்டுப்பாடம் தேவையா என்பது தலைப்பு. தாரிணி கணீரென்று பேசினாள். நடுவராக இருந்த டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காலனியக் கல்வியின் எச்சம்னு சொன்னியேம்மா, அப்படின்னா என்ன?" பிள்ளை, "மேரேகு நை மாலூம் டீச்சர். டாடி எழுதினது" என்றாள். தனக்குத் தெரியாது என்றாளே, அன்றைக்கு அவள் சொந்தமாகப் பேசிய பேச்சு அது ஒன்றுதான்! டீச்சர் அவளை அணைத்துத் தட்டிக்கொடுத்தார். பரிசு தரவில்லை.

அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? குழந்தையை அவமானப்படுத்திய கிழவி என்று வாட்ஸ்அப்பில் எழுதினீர்கள். நடுவர் குழுவிலிருந்து தூக்கினீர்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எத்தனை பேர் எட்டிப் பார்த்தீர்கள்? இன்றைக்கு ஆளுயர மாலை! நம் ஹைதராபாத் பாஷையிலேயே கேட்கிறேன், "காய்கூ?" எதற்கு இந்த வேஷம்?

தாரிணியின் தந்தையும் நம் சங்கச் செயலாளருமான கிருஷ்ணகுமார் சார் சற்றுமுன் ஜூடித் நினைவுக் கோப்பை என்று ஒன்றை அறிவித்தார். பேச்சை முன்கூட்டியே எழுதி அனுப்பவேண்டுமாம். பெற்றோருக்கு முன்வரிசை நாற்காலியாம். நீங்களும் கைதட்டினீர்கள்! அவர் உயிரோடு இருக்கும்வரை நடத்த முடியாததை அவர் பெயரை வைத்தே நடத்தப் பார்க்கிறீர்களே, கூசவில்லையா? அந்தக் கோப்பை வேண்டாம். நான் அதற்கு நடுவராக வரமாட்டேன்.

ஆனால் வகுப்பு நிற்காது. சனிக்கிழமைதோறும் இந்தக் கதவை நான் திறப்பேன். தலைப்பை அங்கேயே தருவேன். பிள்ளைகள் உள்ளே, பெற்றோர் வெளியே. டீச்சரின் படத்துக்கு முன்னால் நின்று நான் கொடுக்கும் வாக்கு இது. பிடிக்காதவர்கள் பிள்ளைகளை அனுப்பவேண்டாம்.

எனக்கு அடுத்துப் பேச வேண்டியவள் தாரிணி. வா அம்மா. கையிலிருக்கும் தாளை அப்பாவிடமே கொடுத்துவிடு. தமிழோ தெலுங்கோ, வாயில் வருகிற மொழியில் பேசு. தப்புத்தப்பாக வந்தாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றுமே வராவிட்டால் சும்மா நின்றுவிட்டு இறங்கு, பரவாயில்லை.

கிருஷ்ணகுமார் சார், கொஞ்சம் எழுந்து வெளியே போங்கள். உங்கள் மகள் பேசப்போகிறாள்.