சாதனா கேட்ட படங்கள்

நம் போட்டோகிராபர் சங்கத்தில், வாடிக்கையாளருக்குப் படங்களின் ஃபைல்களைக் கொடுக்கலாம் என்று கை தூக்கியவன் நான் ஒருவன்தான். போன வருஷக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். தலைவர் நாகூர் மீரான் பாய், "தோசைக்குத்தான வே காசு வாங்குதோம்? மாவையும் சேத்துக் குடுன்னா எப்படி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கையை மட்டும் இறக்கவில்லை. தன் முகம் தன்னிடம் இருக்க வேண்டும் என்று ஒருவர் நினைப்பதில் தப்பில்லை.

சாதனா என்மீது புகார் கொடுத்திருப்பதாகவும், அவள் கல்யாணத்தின் அசல் படங்கள் என்னிடம் இருக்கின்றனவா என்று எழுத்தில் பதில் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

அவள் அப்பா கணேசபாண்டியன் அண்ணாச்சி, தாராவியில் என் ஸ்டுடியோவுக்குப் பின்னால் உள்ள தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். கேமராவைக் கண்டால் நழுவிவிடுவார். ஆதார் அட்டைக்கு எடுத்ததைத் தவிர அவருக்குப் படமே கிடையாது. செம்பூர் மண்டபத்தில் மகள் கல்யாணத்தன்றுதான் சிரிக்க வைத்து எடுத்தேன். பல் தெரியச் சிரித்தார்.

கல்யாணம் முடிந்த வாரம் அப்பாவும் மகளும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். ஆல்பம் போதாது, ஃபைல்கள் எல்லாம் வேண்டும் என்றாள் சாதனா. தருகிறேன், ஆனால் வேறு யார் கைக்கும் போகக் கூடாது, யாரும் அவற்றில் கை வைக்கக் கூடாது என்றேன்.

"யாருக்கும் குடுக்க மாட்டேன் அண்ணே. அப்பா மேல சத்தியம்" என்று அவர் தலையில் கை வைத்தாள்.

"ஏட்டி, மெல்லத் தட்டு. நாலு முடிதான் நிக்கி, அதையும் சாய்ச்சிராத" என்றார் அண்ணாச்சி.

அறுநூற்று முப்பத்தெட்டுப் படங்கள். ஒரு பென் டிரைவில் போட்டு, கையெழுத்துகூட வாங்காமல் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, குர்லா ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது போனில் அந்தக் கல்யாணப் படங்களைப் பார்த்தேன். முலுண்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அனந்த், அவள் கணவருக்குச் சொந்தக்காரர், தன் பெயரைப் படத்தின் மூலையில் போட்டு வெளியிட்டிருந்தார். மாநிறப் பெண்ணைச் சுண்ணாம்பு நிறமாக்கியிருந்தார். தாடையைச் செதுக்கி, உதட்டோரம் இருந்த மச்சத்தை எடுத்திருந்தார். கீழே சாதனா இதயம் போட்டு நன்றி எழுதியிருந்தாள். மூன்று ரயில்களை விட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தேன்.

போன் செய்தேன்.

"அதுல என்னண்ணே? என் ஃபோட்டோதான? அத்தை வீட்ல கொஞ்சம் கலரா இருந்தா நல்லாருக்கும்னாங்க. நீங்க டென்ஷன் எடுக்காதீங்க."

நான் டென்ஷன் எடுக்கவில்லை. கோபப்பட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் அது சரியல்ல.

ஐந்து மாதம் சென்றது. அண்ணாச்சி பட்டறையிலேயே மாரடைப்பில் போனார். நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன். சந்து முனையில் கட்டிய பேனரில் ஆதார் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். யாரோ அதட்டி உட்கார வைத்த முகம்.

ஆறாம் நாள் சாதனா வந்தாள். படங்களை ஏற்றி வைத்திருந்த அவள் போன் சயானில் ரயிலிலிருந்து விழுந்துவிட்டதாம். பென் டிரைவை அனந்திடம் கொடுத்திருந்தாளாம். அவர் அவள் தனியாக நின்ற முப்பது படங்களை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டாராம்.

"பதினாறாம் நாளைக்கு அப்பா படம் வைக்கணும் அண்ணே. அந்தச் சிரிச்ச படம். உங்ககிட்ட இருக்குமே?"

இருக்கிறது என்றேன். ஒன்று எதற்கு, எல்லாவற்றையும் தருகிறேன், பதினைந்தாம் நாள் வந்து வாங்கிக்கொள் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். பணம் எதுவும் நான் கேட்கவில்லை. அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எட்டு நாள் வேறு வேலை எடுக்கவில்லை. அறுநூற்று முப்பத்தெட்டில் இருநூற்றுப் பதினான்கில் அண்ணாச்சி இருந்தார். அவற்றில்தான் வேலை. சத்தியத்தை இப்போது பேச்சுக்குச் செய்கிறார்கள். நான் அப்படி வளரவில்லை. ஒருவர் தலையில் கை வைத்துச் சொன்னால் அந்தத் தலைதான் ஈடு. வாக்குப் போனால் ஈடும் போக வேண்டும்.

மேடையில் அவர் நின்ற இடங்களில் பின்திரையை இழுத்து மூடினேன். பந்தியில் காலி நாற்காலி வைத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் அவர் தோளில் சாய்ந்து அழுத படம்தான் கஷ்டம். தோள் இருந்த இடத்தில் மண்டபத்துத் தூண் ஒன்றை வைத்தேன். தூணின் நிழல் அவள் கன்னத்தில் சரியாக விழ ஒரு பகல் முழுவதும் ஆனது. அவர் சிரித்த படத்தில் இப்போது வாழைமரமும் சீரியல் விளக்கும் இருக்கின்றன. அங்கே ஒரு மனிதர் நின்றார் என்று உங்களில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அனந்த் செய்த வேலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பதினைந்தாம் நாள் கொடுத்தேன். எண்ணிக்கை குறையவில்லை. மறுநாள் ஆதார் படத்துக்குத்தான் மாலை போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இனி உங்கள் கேள்வி. அசல்கள் அன்று என்னிடம் பத்திரமாகத்தான் இருந்தன. அவள் வந்து, நான் செய்தது தப்பு அண்ணே, அசலைக் கொடுங்கள் என்று கேட்பாள் என்று மூன்று நாள் காத்திருந்தேன். பத்து முறை போன் அடித்தது. நேரில் வரட்டும் என்று எடுக்கவில்லை. பதினோராவது முறை எடுத்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. வெறும் அழுகை. கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் மதியம், அசல்கள் இருந்த டிஸ்கையும் அதன் நகலையும் அழித்தேன். வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.