ஃப்ரெடெஸ்விந்தா பெயரில் நாலாயிரம் முயற்சிகள்

பெயர்: ஒவிடியோ கபான்யாஸ். வயது: 41. தகப்பனார்: லெயோன்சியோ கபான்யாஸ். தொழில்: கணினி பழுதுபார்த்தல். விலாசம்: ஆற்றங்கரைச் சாலைப் பின்புறம், என்கார்னாசியோன் நகரம், பராகுவே.

நான் மேற்கண்ட விலாசத்தில் மனைவியுடன் வசித்து வருகிறேன். எங்கள் ஊர் வானொலி நிலையம் ஒன்றின் கணினிகளை ஆறு வருடமாகக் கவனித்து வருகிறேன். நிலையத்தின் ஒலிப்பதிவுகள் எல்லாம் ஒரு லினக்ஸ் கணினியில் உள்ளன. மேசைகளில் இருப்பவை விண்டோஸ் கணினிகள். அவற்றில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துத்தான் பதிவுகளைத் திறக்க முடியும்.

பிப்ரவரி 3ஆம் தேதி அறிவிப்பாளர் ஃப்ரெடெஸ்விந்தா ஒஹேதா வேலையை விட்டுப் போட்டி நிலையத்தில் சேர்ந்தார். அன்றே அவர் பெயரை லினக்ஸ் கணினியில் முடக்கினேன். அதன் பிறகு 17ஆம் தேதி காலை இயக்குநர் எவுலாலியோ ஃபெரெய்ரா போன் செய்து, தனக்கு எந்தப் பதிவும் திறக்கவில்லை என்றும், திருவிழாப் பேட்டிகள் மறுநாள் ஒலிபரப்பாக வேண்டும் என்றும் சொன்னதால், உள்நுழைவுப் பதிவேட்டை எடுத்து அவருக்கு அனுப்பினேன். அதில் ஃப்ரெடெஸ்விந்தா பெயரில் நாலாயிரத்துச் சொச்சம் முயற்சிகள் தோற்றிருந்தன. இயக்குநர் அந்தப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நேராகக் காவல் நிலையம் சென்று புகார் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு என்னையும் அழைத்தார்கள். நான் போனபோது ஃப்ரெடெஸ்விந்தா தெரெரே பானக் குடுவையைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றிருந்தார்.

"போறவ உன் குரலை எடுத்துட்டுப் போ, சரி. என் பேட்டியையும் ஏம்மா தூக்கப் பாக்குற?" என்றார் இயக்குநர்.

"நாலாயிரம் தடவையா? எனக்கு வேற சோலி இல்லையா, எவுலாலியோ ஐயா? நீங்க பேசுறதையே நான் ரெண்டாவது தடவை கேக்க மாட்டேன்!"

எழுதிக்கொண்டிருந்த காவலர் சிரித்துவிட்டார். பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்தக் கணினி என்ற எண் இருப்பதை அதிகாரியிடம் காட்டினேன். அதன் பிறகு நால்வரும் வானொலி நிலையம் சென்று பார்த்ததில், அந்த எண் இயக்குநர் அறையில் இருந்த கணினியுடையது என்று தெரிந்தது. அது ஃப்ரெடெஸ்விந்தா வேலை செய்த கணினி; புதியது என்பதால், அவர் போன அன்றே இயக்குநர் அதைத் தன் மேசைக்கு மாற்றிக்கொண்டாராம். அதில் சேமித்திருந்த ஃப்ரெடெஸ்விந்தாவின் பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் கணினி தானாகவே ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தது.

"அப்ப திருடன் உங்க மேசைதான். புடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க!" என்றார் ஃப்ரெடெஸ்விந்தா.

அதன் பிறகு சேமித்ததை அழித்து, கணினியை அணைத்துப் போட்டு, இயக்குநரின் பெயரைக் கொடுத்தேன். அப்போதும் திறக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். லினக்ஸ் கணினியில் பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். லினக்ஸில் ஒருவர் பெயரைச் சேர்த்தால் மட்டும் போதாது, கோப்புப் பகிர்வுக்கென்று அவருக்குத் தனியாக ஒரு கடவுச்சொல் பதிய வேண்டும். ஆறு வருடமாக இயக்குநருக்கு அதைப் பதியாமல் விட்டவன் நான். இத்தனை நாளும் அவருக்கு வேண்டிய பதிவுகளை ஃப்ரெடெஸ்விந்தாவே பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்து வந்ததால் அது வெளியே தெரியவில்லை. இதை யார் வற்புறுத்தலும் இன்றி ஒப்புக்கொள்கிறேன். பதிந்ததும் திறந்தது. பேட்டிகள் ஒன்றுகூடக் குறையவில்லை.

இயக்குநர் புகாரைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார்.

"இங்க கேட்டா போதாது. ரேடியோல கேளுங்க."

"நம்ம ரேடியோலயா?"

"என் ரேடியோல."

மறுநாள் காலை ஏழு மணிக்கு இயக்குநர் போட்டி நிலையத்துக்குப் போனார். சிப்பா ரொட்டிக் கடையில் நின்று நானும் கேட்டேன். மன்னிப்புக்கு அரை நிமிடம் ஆனது. அதன் பிறகு இருபது நிமிடம், அன்று மாலை எங்கள் நிலையத்தில் வரவிருந்த பேட்டிகளைப் பற்றியே பேசினார். கடைசியில் ஃப்ரெடெஸ்விந்தா பாட்டைப் போட்டுத்தான் அவரை எழுப்பி அனுப்ப முடிந்தது.

புகாரை முடித்து வைக்கக் காவல் நிலையத்தில் நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நடந்தது இவ்வளவே; நான் எதையும் கூட்டவோ மறைக்கவோ இல்லை.

(ஒப்பம்) ஒவிடியோ கபான்யாஸ்
பிப்ரவரி 21