பத்து நாள் கொசு

அக்கா: ...அதுக்கில்லடா, இந்தப் புழுக்கத்துல முழுக்கைச் சட்டை, சாக்ஸ், கழுத்துல துண்டு வேற... வீடு விக்க வந்திருக்கியா, மலையேறக் கிளம்பியிருக்கியா?

தம்பி: எனக்குச் சளி.

அக்கா: காலுக்குமா?

தம்பி: அதை விடுக்கா. வீடு வாங்கற ஆள் வர்ற நேரம். தோட்டத்துல ஒரு கொசு இருக்கக் கூடாதுன்னு பத்து நாளா ஃபோன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இங்க என்னன்னா மாநாடே நடக்குது.

அக்கா: நான் என்ன செய்ய? புகை போட்டேன். எலுமிச்சம்புல் வாங்கி வச்சேன். அதுல உக்காந்து இளைப்பாறிட்டு வந்து கடிக்குது. போதாததுக்கு நீ ஆறரைக்கு ஆளை வரச் சொல்லியிருக்க. அதுங்களுக்குச் சாப்பாட்டு நேரம்.

தம்பி: அவர் கடைக்காரர். பகல்ல நகர முடியாதாம்... ஆமா, தொட்டிக்கு அடியில இருக்கற தட்டுத் தண்ணியெல்லாம் கொட்டச் சொன்னேனே?

அக்கா: கொட்டினேன்.

தம்பி: எங்க, தட்டுக்குள்ளயேவா? ஒவ்வொண்ணும் குளமா நிக்குது.

அக்கா: காலையில செடிக்கு ஊத்தினேன். வேண்டாம்னு திருப்பிக் குடுத்திருக்கும்.

தம்பி: சரி, இந்த வாளி?

அக்கா: எந்த வாளி?

தம்பி: பெஞ்சுக்குப் பக்கத்துல, ரோஜாச் செடிக்குப் பின்னால, பலகை சாத்தி மறைச்சு வச்சிருக்கியே... ஐயோ, இது வாளி இல்ல, பிரசவ ஆஸ்பத்திரி. புழுவா நெளியுது.

அக்கா: மழைத்தண்ணி.

தம்பி: மழை பேஞ்சு ரெண்டு மாசமாச்சு.

அக்கா: அப்ப பழைய மழை.

தம்பி: சிமெண்ட் தொட்டியில மீன் இருந்துதே, கொசுப்புழுவைத் தின்னும்னு அப்பா விட்டது... அது எங்க?

அக்கா: எதிர் வீட்டம்மா கேட்டாங்க. குடுத்துட்டேன்.

தம்பி: எப்ப?

அக்கா: ம்... வீடு பாக்க ஆள் வர்றார்னு நீ ஃபோன் பண்ண அன்னிக்கு.

தம்பி: அதாவது பத்து நாள் முன்னாடி... ஏன்க்கா, முட்டை கொசுவாகிப் பறக்க எத்தனை நாள் ஆகும்?

அக்கா: எனக்கென்ன தெரியும்?

தம்பி: நீ பத்தாங்கிளாஸுக்கு உயிரியல் டீச்சர்.

அக்கா: அந்தப் பாடம் இன்னும் நடத்தல.

வீடு பார்க்க வந்தவர்: சார்... உள்ள வரலாமா?

தம்பி: வாங்க, வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கோம். இவங்க என் அக்கா.

வந்தவர்: வணக்கம்மா. நான் காலையிலயே வந்து...

தம்பி: முதல்ல தோட்டத்தைப் பாருங்க சார். வீடு எங்க ஓடிடப் போகுது?

வந்தவர்: நல்லாத்தான் இருக்கு. என் சம்சாரம் தோட்டம்னா... ச்சே... உசிரையே விட்டுடுவா.

அக்கா: இங்க வந்தா சீக்கிரமே விட்டுடலாம்.

வந்தவர்: என்னம்மா?

அக்கா: ஒண்ணுமில்லீங்க. காத்து நல்லா வரும்னு சொன்னேன்.

வந்தவர்: காத்தோட இதுவும்... ஒரு நிமிஷம், காதுக்குள்ள போயிடுச்சு... எப்பவும் இப்படித்தானா?

அக்கா: இல்லீங்க. இன்னிக்குக் கம்மி.

தம்பி: அக்கா சும்மா விளையாடுறாங்க. அந்த ரோஜாப் பக்கம் பெஞ்சுல உக்காருங்க சார், நிதானமா பேசலாம்.

வந்தவர்: இல்ல, நின்னுக்கறேன்... நடந்துக்கறேன்... என் சின்னப் பொண்ணுக்கு ஒரு கொசு கடிச்சாலே உடம்பெல்லாம் தடிச்சுடும். நான் வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்.

தம்பி: மாடியைப் பாக்கலியே?

வந்தவர்: இங்கருந்தே தெரியுது. வரேன் சார். வரேம்மா.

அக்கா: ...போயிட்டார்.

தம்பி: ஓடிட்டார். கேட்டைக் கூடச் சாத்தல.

அக்கா: கோவமாடா?

தம்பி: நீ முதல்ல சொல்லு.

அக்கா: என்னத்தைச் சொல்ல? ஆமா, நான்தான் வளர்த்தேன். தட்டு, வாளி, எல்லாம். தண்ணி வத்த வத்த ஊத்தினேன். பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டேன்.

தம்பி: அப்ப விக்கலாம்னதுக்கு ஏன் தலையாட்டின?

அக்கா: நீ ஆசையாக் கேட்ட. அங்க ரெண்டு பிள்ளைங்களோட வாடகை வீட்ல நெருக்கியடிச்சுக் கிடக்க. உன்கிட்ட எப்படிடா மாட்டேன்னு சொல்றது? ஆனா அப்பா வச்ச மரம், அம்மா துணி காயப்போட்ட கம்பி... இதை விட்டுட்டு நான் எங்கடா போவேன்?

தம்பி: நானா ஆசைப்பட்டேன்? "ஒத்தையில இந்த வீட்டைக் கட்டிக்கிட்டு மாரடிக்க முடியலடா"ன்னு ஃபோன்ல அழுதது யாரு? உனக்காகத்தான் ஆளையே தேடினேன்.

அக்கா: அது... அன்னிக்குக் குழாய் உடைஞ்சு வீடெல்லாம் தண்ணி. அந்த எரிச்சல்ல சொன்னது.

தம்பி: ஒரு குழாய்க்காக வீட்டையே விக்கப் பாத்த குடும்பம் நாமளாத்தான் இருப்போம்.

அக்கா: ஏதோ என் நல்ல நேரம், அவருக்குச் சாயங்காலம்தான் ஒழிஞ்சுது. பட்டப்பகல்ல வந்திருந்தா இதுல பாதிக் கொசு கூட எழுந்திருக்காது. அட்வான்ஸே குடுத்துட்டுப் போயிருப்பார்.

தம்பி: அவர் காலையில பத்து மணிக்கு வரேன்னுதான்க்கா சொன்னார். நான்தான் ஆறரைக்கு வரச் சொல்லிட்டு, சாக்ஸ் போட்டுக்கிட்டு வந்தேன்.